மெஷினோடு ஒரு துணையும் வேண்டும்

(நமது மருத்துவமனையின் ஆதரவாளர் கூட்டத்தில், தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய்க்குச் சிகிச்சை பெற்றுவரும் நோயாளிகளின் சார்பில் வாசிக்கப்பட்ட உரை.)



இந்த உரையை வாசிப்பது ஒருவர். எழுதியதோ பதினோரு பேர். மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை, புறநோயாளர் பிரிவுக்குப் பின்னாலிருக்கும் சிறிய அறையில் நாங்கள் கூடுகிறோம். எங்களில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் இருக்கிறார். மளிகைக் கடைக்காரர், தையல் வேலை செய்யும் அம்மா, காய்கறி வேன் ஓட்டுகிறவர், பாடகர் குழுவில் பாடும் தம்பி ஆகியோரும் இருக்கிறார்கள். வெளியிலே சந்தித்திருந்தால் எங்களுக்குள் பேச ஒரு பொருளும் இருந்திருக்காது. எங்களைச் சேர்த்து வைத்தது ஒரு வியாதி. சேர்ந்தே இருக்க வைப்பது ஒரு மாஸ்க்.

எங்கள் வியாதியைச் சொன்னால் கேட்கிறவர்களுக்கு முதலில் சிரிப்புதான் வரும். நாங்கள் எல்லாரும் பெரிய குறட்டைக்காரர்கள். ஆலயத்தில் பிரசங்கம் தொடங்கிய ஐந்தாம் நிமிடத்தில் தலை சாய்கிறவர்கள். பவுல் பேசிக்கொண்டிருக்கும்போது தூங்கி, ஜன்னலிலிருந்து விழுந்த ஐத்திகுவின் பெயரைச் சொல்லி எங்களில் ஒருவரை வாலிபர் சங்கத்தார் பல வருஷம் கேலி செய்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய், நான் ஏன் இப்படிச் சோம்பேறியாகிவிட்டேன் என்று தனியே கலங்கினார்.

அது சோம்பல் அல்ல என்று எங்களுக்கு முதன்முதலாகச் சொன்னது இந்த ஆஸ்பத்திரி. நாம் தூங்கும்போது தொண்டையிலுள்ள தசைகள் தளர்கின்றன. எங்களைப் போன்றவர்களுக்கு அவை அளவுக்கு மீறித் தளர்ந்து, நாக்கும் பின்னால் சரிந்து, மூச்சுப் போகும் வழியை அடைத்துவிடுகின்றன. மார்பு மூச்சிழுக்க முயலும். காற்று உள்ளே போகாது. பத்து விநாடியோ, சில வேளை அரை நிமிடத்துக்கும் மேலாகவோ இப்படி நிற்கும். இரத்தத்தில் ஆக்சிஜன் குறையும்போது மூளை திடுக்கிட்டு எழுப்பும். பெரிய குறட்டையோடு மூச்சு திரும்பும். மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. மணிக்கு 5 தடவைக்குக் குறைவாக நடந்தால் கவலையில்லை. 30 தடவைக்கு மேல் போனால் கடுமையான நோய் என்கிறார்கள். எங்கள் தலைமையாசிரியை அம்மாவுக்கு மணிக்கு 52 தடவை. இரவெல்லாம் ஒருவர் உங்களை நிமிடத்துக்கு ஒருமுறை தட்டி எழுப்பினால் காலையில் உங்கள் நிலைமை எப்படியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பருமனான ஆண்களுக்கு மட்டும் வருவது என்று பலர் எண்ணுகிறார்கள். உடல் எடை ஒரு முக்கிய காரணம் என்பது உண்மைதான். ஆனால் தாடை சிறியதாயும் தொண்டை குறுகலாயும் உள்ள ஒல்லியானவர்களுக்கும் இது வரும். பெண்களுக்குப் பல சமயம் குறட்டையைவிட, காலைத் தலைவலியும் தீராத அசதியும் மனச்சோர்வுமே முன்னால் நிற்கும். எங்கள் தையல் அம்மா நான்கு வருஷம் இரத்தச்சோகைக்கு மாத்திரை சாப்பிட்டார். இரவில் மூச்சு எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. அவர் தனியாகத் தூங்குகிறவர். குறட்டை விடுகிறார் என்று சொல்லவும் வீட்டில் ஆளில்லை.

சிகிச்சையைப் பற்றிச் சொல்கிறோம். ஒரு காலத்தில் இந்த நோய் கடுமையானால் கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாயைத் திறந்து வைப்பதுதான் வழியாக இருந்தது. 1980-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் டாக்டர் காலின் சல்லிவன் என்பவர், மூக்கின் வழியே மெல்லிய அழுத்தத்தில் காற்றைச் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கலாம் என்று கண்டார். 1981-இல் ஐந்து நோயாளிகளைப் பற்றி அவரும் உடன் பணியாளர்களும் ‘லான்செட்’ மருத்துவ இதழில் எழுதினார்கள். கத்தியில்லை, மருந்தில்லை, காற்றே முட்டுக் கொடுக்கிறது. இன்று அதைச் சிபேப் மெஷின் என்கிறோம். டிபன் டப்பா அளவுள்ள ஒரு பெட்டி, ஒரு குழாய், ஒரு மாஸ்க். அவ்வளவுதான்.

இங்கேதான் உங்களிடம் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். நீங்கள் அன்போடு கொடுத்த பணத்தால் இந்த மெஷின்கள் சில வாங்கப்பட்டு, வசதியில்லாத நோயாளிகளுக்கு இரவலாகக் கொடுக்கப்படுகின்றன. கொடுத்த அன்றைக்கே எங்கள் கஷ்டம் தீர்ந்திருக்கும் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். தீரவில்லை. மாத்திரையை விழுங்கினால் அது தன் வேலையைத் தானே பார்க்கும். இந்த மெஷினோ, மாட்டிக்கொண்டு தூங்குகிற இரவில் மட்டும் வேலை செய்யும். கழற்றி வைத்த இரவில் வியாதி அப்படியே திரும்பி வந்துவிடும். அதை மாட்டிக்கொண்டு தூங்குவதுதான் உலகத்திலேயே கஷ்டமான காரியம் என்று முதல் வாரத்தில் எங்கள் எல்லாருக்கும் தோன்றியது.

முதல் இரவை எங்களில் ஒருவரும் மறக்கவில்லை. மளிகைக் கடை ஐயா, யாரோ முகத்தில் தலையணையை வைத்து அமுக்குவதாகக் கனவு கண்டு, மாஸ்க்கைப் பிய்த்து எறிந்தார். பாடகர் தம்பிக்கு வாய் திறந்துகொண்டு, தொண்டை காய்ந்து, மறுநாள் குரலே வரவில்லை. ஒருவருக்கு மூக்கின் மேல் புண் வந்தது. இன்னொருவருக்குக் குழாயில் நீர் கோத்து, நடுராத்திரியில் மூக்குக்குள் சொட்டியது. நடுச்சாமத்தில் கரண்ட் போனபோது ஓரம்மா பயந்துபோய் எழுந்து உட்கார்ந்தார். பகலில் டாக்டரிடம் கேட்கலாம்தான். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு, வீட்டார் எல்லாரும் உறங்கிக் கிடக்க, மாஸ்க்கைக் கையில் பிடித்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும்போது, ‘எனக்கு மட்டும்தான் இது முடியவில்லை’ என்ற எண்ணம் வரும். மெஷினை மூட்டை கட்டிப் பரணில் ஏற்றுவது அந்த எண்ணம்தான்.

எங்கள் கூட்டம் தொடங்கியது திட்டம் போட்டு அல்ல. டெக்னீஷியன் தம்பியின் அறைக்கு வெளியே பெஞ்சில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். இருவர் மூக்கிலும் ஒரே மாதிரியான சிவந்த தழும்பு. “உங்களுக்குமா?” என்று ஒருவர் கேட்டார். அந்தப் பேச்சு ஒரு மணி நேரம் நடந்தது. அடுத்த மாதம் நான்கு பேரானார்கள். சிஸ்டர் ஒருவர் அறையைத் திறந்துவிட்டு, டீயும் வரவழைத்துக் கொடுத்தார்.

அங்கே நாங்கள் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்தவை மிகச் சிறிய காரியங்கள். பகலில் பத்திரிகை வாசிக்கும்போதோ டி.வி. பார்க்கும்போதோ மாஸ்க்கை அரைமணி நேரம் மாட்டிப் பழகுங்கள். இராத்திரி அது புதிய பொருளாய் இருக்காது. படுக்குமுன் முகத்தில் தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள். மாஸ்க் வழுக்கும், ரப்பரும் கெடும். வாரை இறுக்கினால் கசிவு நிற்கும் என்று நினைக்காதீர்கள்; இறுக்க இறுக்கப் புண்தான் வரும், அளவு மாற்றிக் கேளுங்கள். கொண்டையைத் தளர்த்திக் கீழே போட்டால் பின்வார் நழுவாது. நீர்த்தொட்டியில் குழாய்த் தண்ணீர் ஊற்றினால் உப்புப் படியும். வடித்தெடுத்த தண்ணீர் ஊற்றுங்கள். குழாயில் நீர் கோத்தால் அதன் மேல் பழைய துணியைச் சுற்றுங்கள். மெஷினைத் தலைமட்டத்துக்குக் கீழே வையுங்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது நீர்த்தொட்டியின் சூட்டை நிறுத்தினால் பேட்டரி அதிக நேரம் தாங்கும்.

இவையெல்லாம் டாக்டர்களுக்குத் தெரியாதவை அல்ல. ஆனால் மூக்கில் தழும்போடு இருக்கிற ஒருவர் சொல்லும்போது அது வேறுவிதமாய்க் காதில் விழுகிறது. எங்களுக்குள் கட்டுப்பாடும் உண்டு. காற்றின் அழுத்தத்தை நாங்களாக மாற்றுவதில்லை. ஒருவர் மாஸ்க்கை ஒருவர் மாட்டிப் பார்ப்பதில்லை. பிரஷர் மாத்திரையை நிறுத்தலாமா என்று யாராவது கேட்டால், பதில் சொல்லாமல் டாக்டரிடம் அழைத்துப் போகிறோம்.

இப்போது எங்கள் தவறு ஒன்றை உங்கள் முன்னால் சொல்ல வேண்டும். சம்பந்தப்பட்டவர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். சொல்லச் சொன்னவரும் அவரே.

ஆரம்பத்தில் எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொருவராக எழுந்து, ‘நான் ராத்திரிக்கு இத்தனை மணி நேரம் மாட்டுகிறேன்’ என்று சொல்வோம். ஐந்து என்றால் கைதட்டுவோம். ஏழு என்றால் பலமாய்த் தட்டுவோம். உற்சாகப்படுத்துகிறோம் என்று எண்ணினோம். வேன் ஓட்டும் அண்ணன் மூன்று மாதமும் ஆறு மணி நேரம் என்று சொன்னார். மூன்று மாதமும் தட்டினோம்.

நான்காம் மாதம் அவர் வரவில்லை. விடியற்காலை மூன்றரை மணிக்கு மார்க்கெட்டுக்குப் போகும் வழியில், கண்ணசந்து, வேனைப் புளியமரத்தில் மோதிவிட்டார் என்று கேள்விப்பட்டோம். ரோட்டில் வேறு ஆளில்லை. அவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. உயிர் தப்பியது பெரிய காரியம். ஆஸ்பத்திரி வார்டில் அவரைச் சுற்றி நின்று நாங்கள் கேட்ட முதல் கேள்வி, “மெஷின் மாட்டியுமா தூக்கம் வந்தது?” என்பது. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் சம்சாரம்தான் சொன்னார்கள். மெஷின் கட்டிலுக்கு அடியில் சாக்குப் பையில் இருக்கிறது. மாட்டியது மொத்தமே ஐந்து நாள். அவர்கள் வீடு ஒரே அறை. மகள் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்கிறாள். காற்றுச் சத்தம் அவளுக்குத் தொந்தரவு என்று நினைத்தார். பெரிய மகளின் குழந்தை மாஸ்க்கோடு தாத்தாவைப் பார்த்து அலறியது. அடர்ந்த மீசை, அதன் வழியே காற்றுக் கசிந்து சீழ்க்கை அடித்தது. மெஷின் பதிவு செய்திருக்கும் மணிக்கணக்கை டெக்னீஷியன் பார்த்துவிடுவாரே என்று செக்கப்புக்கும் போகவில்லை.

“எங்களிடம் சொல்லியிருக்கலாமே அண்ணே?” என்று கேட்டோம். அவர் சொன்ன பதில் இன்னும் எங்கள் நெஞ்சில் நிற்கிறது. “எல்லாரும் கை தட்டுற இடத்துல நான் மட்டும் எப்படிச் சொல்றது? தர்மத்துக்குக் கொடுத்த மெஷின். முடியலன்னு சொன்னா நன்றி கெட்டவன்னு ஆயிடாதா?”

நண்பர்களே, எங்கள் கைதட்டல்தான் அவரைப் பொய் சொல்ல வைத்தது. உங்கள் உபகாரத்தை அவர் மதித்த மதிப்பே அவருக்குப் பாரமாகிவிட்டது. துணைக்கு வந்த நாங்கள் பரீட்சை அதிகாரிகளாகிவிட்டோம். அதற்காக அன்று அவரிடம் மன்னிப்புக் கேட்டோம்.

அதன் பிறகு எங்கள் வழக்கத்தை மாற்றினோம். இப்போது யாரும் மணிக்கணக்குச் சொல்வதில்லை. ஒவ்வொருவரும், இந்த மாதம் தமக்கு நேர்ந்த கஷ்டத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும். மூத்தவர்கள் முதலில் தொடங்க வேண்டும். மூன்று வருஷமாய் மாட்டுகிற தலைமையாசிரியை அம்மா, “போன வாரம் சளி பிடித்து நான்கு ராத்திரி கழற்றிப் போட்டேன்” என்று எழுந்து சொன்னபோது, புதிதாய் வந்திருந்த ஒருவர் தாம் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டதை நாங்களே பார்த்தோம்.

இன்னொன்றும் செய்கிறோம். புதிதாய் மெஷின் வாங்குகிறவருக்குப் பழையவர் ஒருவரைத் துணையாகச் சேர்க்கிறோம். பெரும்பாலும் ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். முதல் பதினைந்து நாள், காலை ஏழு மணிக்குத் துணைவர் போன் செய்வார். “எத்தனை மணி நேரம்?” என்று கேட்கமாட்டார். “ராத்திரி எப்படிப் போச்சு?” என்று மட்டும் கேட்பார். ஒன்றுமே சொல்லாமல் அழுதவர்களும் உண்டு. வேண்டுமானால் சாயங்காலம் வீட்டுக்கே போய், எதிரில் உட்கார்ந்து, தானும் தன் மாஸ்க்கை மாட்டிக் காட்டுவார்.

வேன் அண்ணன் வீட்டுக்கு மளிகைக் கடை ஐயா போனார். பேரக்குழந்தை கையில் மாஸ்க்கைக் கொடுத்து விளையாடவிட்டார். குழந்தை குழாயைப் பிடித்துப் பார்த்து, “தாத்தாவுக்கு யானைத் தும்பிக்கை” என்றது. அதோடு பயம் போயிற்று. அந்த வீட்டு மகளோ, “அப்பா குறட்டையைவிட இந்தச் சத்தம் எவ்வளவோ மேல்” என்றாள். அதுவரை அவளை யாரும் கேட்டதேயில்லை. டெக்னீஷியன் தம்பி, மூக்குத் துவாரத்துக்குக் கீழே மட்டும் பொருந்துகிற சிறிய மாஸ்க்கை மாற்றிக் கொடுத்தார், மீசை பிழைத்தது. டாக்டர் சரியென்று சொல்லும்வரை அவர் வேனைத் தொடவில்லை. அந்த இரண்டு மாதம் மளிகைக் கடையில் கணக்கு எழுதினார். இன்று புதியவர்களில் அதிகம் பேருக்குத் துணையாய் நிற்பவர் அவர்தான்.

எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை. எங்களில் ஒருவருக்கு எவ்வளவு முயன்றும் மாஸ்க் ஒத்துவரவில்லை. அவர் மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, டாக்டர் சொன்னபடி எடையைக் குறைத்து, தாடையை முன்னுக்குத் தள்ளும் வாய்ச்சாதனம் ஒன்றைப் போட்டுப் பார்க்கிறார். அவரும் சனிக்கிழமை வருகிறார். அவர் இருக்கும் அறையில், முடியவில்லை என்று சொல்வது மற்றவர்களுக்கு எளிதாய் இருக்கிறது.

நாங்கள் கண்டதை மற்ற இடங்களிலும் கண்டிருக்கிறார்கள் என்று டாக்டர் எங்களுக்குச் சொன்னார். அமெரிக்காவில் 1990-இல் தொடங்கிய ஸ்லீப் ஆப்னியா சங்கம், ‘அவேக்’ என்ற பெயரில் ஊர்தோறும் நோயாளிகள் கூடும் குழுக்களுக்கு உதவியது. அந்தப் பெயருக்கு விழித்திருத்தல் என்று பொருள். 2013-இல் அரிசோனாவில் டாக்டர் சாய்ராம் பார்த்தசாரதி என்பவரும் உடன் பணியாளர்களும், பழைய நோயாளியைப் புதியவருக்குத் துணையாகச் சேர்த்துச் செய்த சிறிய ஆய்வில், துணை பெற்றவர்கள் மெஷினைக் கூடுதலாய் உபயோகித்தார்கள். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2016-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், ஏற்கெனவே இதயநோயோ மூளை இரத்தக்குழாய் நோயோ உள்ள 2,700-க்கும் மேற்பட்டவர்கள் ஏழு நாடுகளில் பங்கு பெற்றார்கள். மெஷின் பெற்றவர்களுக்குப் பகல் தூக்கம் குறைந்தது, மனநிலையும் தேறியது. ஆனால் மாரடைப்பும் பக்கவாதமும் குறைந்ததாகத் தெரியவில்லை. அவர்கள் மெஷினை மாட்டியது இரவுக்குச் சராசரியாக 3.3 மணி நேரம்தான். கூடுதல் நேரம் மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை வைத்தியர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். எங்களுக்குப் புரிந்தது ஒன்றுதான்: மெஷினைக் கொடுப்பது வேறு, அது முகத்தில் இருப்பது வேறு.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். மெஷின் வாங்கத் தொடர்ந்து உதவுங்கள், காத்திருப்போர் இருக்கிறார்கள். அதோடு, பெயர்ப்பலகை வைக்க முடியாத சில சிறிய செலவுகளையும் நினைவில் வையுங்கள். மாஸ்க்கின் மெத்தையும் வாரும் நாளடைவில் தேய்ந்துவிடும். மாற்ற வழியில்லாமல் நின்றுபோனவர்கள் உண்டு. முதலிலே சரியான அளவு அமைய, இரண்டு மூன்று வகை மாஸ்க்குகள் கையிருப்பில் வேண்டும். கிராமத்திலிருந்து வரும் துணைவர்களுக்குப் பஸ் சார்ஜ் வேண்டும். சனிக்கிழமை டீக்கும் கொஞ்சம் வேண்டும். உபயோகித்த மெஷினைத் தர விரும்புகிறவர்கள், நேரே நோயாளியிடம் கொடுக்காமல் ஆஸ்பத்திரியில் ஒப்படையுங்கள். 2021-ஆம் ஆண்டு, உள்ளிருக்கும் நுரைப்பஞ்சு உதிரக்கூடும் என்று ஒரு பெரிய கம்பெனி தன் மெஷின்கள் பலவற்றை உலகமெங்கும் திரும்பப் பெற்றது. பழைய மெஷின் எதுவானாலும் இங்கே பரிசோதித்துச் சுத்தம் செய்த பிறகே இன்னொருவர் முகத்துக்குப் போக வேண்டும்.

கடைசியாக ஒன்று. உங்கள் வீட்டில் யாராவது பலமாய்க் குறட்டைவிட்டு, நடுவே மூச்சு நின்று, திணறி எழுகிறார்களா? காலையில் தலைவலி, பகலெல்லாம் தூக்கக் கலக்கம் என்கிறார்களா? கேலி செய்யாதீர்கள். அழைத்து வாருங்கள். முக்கியமாய் அவர் வண்டி ஓட்டுகிறவரானால் தாமதிக்க வேண்டாம்.

எங்களைப் பற்றி நீங்கள் எண்ணும்போது, நன்றியோடு மட்டும் இருக்கிறவர்கள் என்று எண்ண வேண்டாம். சில ராத்திரி மாஸ்க்கைச் சபித்துக்கொண்டே மாட்டுகிறோம். சில ராத்திரி கழற்றியும் போடுகிறோம். ஆனால் மறுநாள் காலை ஏழு மணிக்கு ஒரு போன் வரும் என்று எங்களுக்குத் தெரியும். “ராத்திரி எப்படிப் போச்சு?” என்று ஒருவர் கேட்பார். உண்மையைச் சொல்லலாம்.

அந்தப் போனுக்கும் நீங்கள் காரணமாய் இருக்கிறீர்கள்.